ஏழாவது வீட்டுக் கதவு

ரேவதி எங்கள் வீட்டுக் கூடத்தில் கண்ணை மூடிக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள். நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டிருந்தோம். நான் கட்டிலில் சம்மணமிட்டு, மடியில் ஜெராக்ஸ் நோட்டை விரித்து, கையில் பென்சிலோடு உட்கார்ந்திருந்தேன்.

"மொத வூடு முனியம்மா வூடு. வாசல்ல ஆடு. ஆட்டுக் கழுத்து மணியில புலன் நினைவு. ஒரு நொடி சத்தம், அவ்ளோதான்."

நான் டிக் அடித்தேன்.

"ரெண்டாவது வூடு. முருங்கை மரம். ஏழு காய் தொங்குது. குறுகிய கால நினைவு. அதுக்கு மேல கட்டுனா கிளை ஒடிஞ்சிடும்."

டிக்.

"மூணாவது வூட்டுல தண்ணித் தொட்டி. நீண்ட கால நினைவு. கைய விட்டா அடி தட்டாது. நாலாவது வூட்டுல ரெண்டு பேரு ஒரே நேரத்துல பேசறாங்க. குறுக்கீட்டுக் கோட்பாடு. அஞ்சாவது வூட்டு வாசல்ல ஒருத்தரு விழுந்து கெடக்கறாரு. சுத்தி அத்தினி பேரும் நிக்கறாங்க, ஒருத்தரும் தூக்கல. வேடிக்கை பார்ப்போர் விளைவு. ஆறாவது வூட்டுக்காரரு பீடி குடிச்சிக்கினே பீடி கெடுதின்னு சொல்றாரு. மன முரண்பாடு."

"அடுத்தது?"

ரேவதி நின்றாள். வலது கை மட்டும் இடுப்புயரத்தில் முன்னால் நீண்டு, எதையோ தொடுவதற்கு இரண்டு அங்குலம் இருக்கும்போது அப்படியே நின்றுவிட்டது.

"ஏழாவது வூடு," என்றாள். "சாத்தியிருக்குது."

நடக்கக் கற்ற கதை

கணக்கில் தோற்று, வீட்டில் யார் முகத்திலும் விழிக்காமல் ஒரு கோடை முழுக்க நான் சர்ச் நூலகத்தில் ஒளிந்திருந்ததைப் போன வார அத்தியாயத்தில் சொல்லியிருந்தேன். அதன் பிறகுதான் அஞ்சல் வழியில் உளவியல் படிக்கச் சேர்ந்தேன். நெய்வேலியில் என்னோடு அதே பாடத்தில் சேர்ந்தவள் ரேவதி ஒருத்திதான். இரண்டாயிரத்துப் பத்துக்குப் பிந்தைய ஏதோ ஒரு வருடம். ஏப்ரல் மாத வெயில். பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது.

என் அப்பா சுரங்கத்தில் கன்வேயர் பிரிவில் பெர்மனென்ட். திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்தவர். அதனால் எங்களுக்குக் குவார்ட்டர்ஸ், தண்ணீர், எந்நேரமும் மின்சாரம். ரேவதி வந்துகொண்டிருந்தது மந்தாரக்குப்பம் தாண்டியிருந்த ஒரு மாற்றுக் குடியிருப்பிலிருந்து. அவள் ஊரைச் சுரங்கத்துக்காகக் காலி செய்தபோது அவளுக்கு ஐந்து வயது. அவள் அம்மா பச்சையம்மா டவுன்ஷிப் பூங்காக்களில் காண்ட்ராக்ட்டில் தோட்ட வேலை பார்த்தார். அப்பா அவள் பிறந்த இரண்டாம் வருடமே இறந்துவிட்டார்.

பாடத்தில் ஒரு முறை சொல்லியிருந்தார்கள். நன்றாகத் தெரிந்த ஓர் இடத்தை மனதில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு மூலையிலும் ஒவ்வொரு குறிப்பை வைக்க வேண்டும். பிறகு கண்ணை மூடி அந்த இடத்தில் நடந்தால், வைத்ததெல்லாம் வைத்த இடத்தில் கிடைக்கும்.

நான் எங்கள் பிளாக்கை எடுத்துக்கொண்டேன். உருப்படவில்லை. எங்கள் ஊரில் எல்லா வீடும் ஒன்று. அதே பச்சைக் கதவு, அதே ஜன்னல், அதே கொய்யா மரம். நான் ஒன்றாம் வகுப்பில் பள்ளிவிட்டு வந்து பையை ஆணியில் மாட்டி, சமையலறைக்குப் போய் "பசிக்குது" என்று சொல்ல, திரும்பிப் பார்த்த அம்மா என் அம்மா இல்லை. பக்கத்துத் தெரு. அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே தோசை ஊற்றிக் கொடுத்தார். நான் அழுதுகொண்டே தின்றேன். டவுன்ஷிப்பில் வளர்ந்த எல்லோரிடமும் இப்படி ஒரு கதை இருக்கும்.

ரேவதியோ தன் பழைய ஊரை எடுத்துக்கொண்டாள். ஒரே தெரு, பதினொரு வீடு.

"அஞ்சு வயசுல பார்த்தது எப்படிடி இவ்வளவு துல்லியமா இருக்கு?" என்று கேட்டேன்.

"அம்மா தூங்க வைக்கும்போது சொல்லிக்கினே இருக்கும். மொத வூட்டுலருந்து ஆறாவது வூடு வரைக்கும். அப்பறம் எட்டாவது."

சொல்லிவிட்டு அவளே என்னைப் பார்த்தாள். அதுவரை அவள் அதைக் கவனித்ததில்லை என்று அவள் முகத்தில் தெரிந்தது.

எதை வைத்தாலும்

ஏழாவது வீட்டுக்கு அவள் ஒதுக்கியிருந்தது 'ஒத்துப்போதல்' என்ற தலைப்பு. சமூக உளவியலில் வருவது. ஓர் அறையில் பலர் சேர்ந்து, நெட்டைக் கோட்டைக் குட்டைக் கோடு என்று ஒரே வாயாகச் சொன்னால், உண்மை தெரிந்த ஆளும் தன் கண்ணைச் சந்தேகித்துவிட்டு அவர்களோடு சேர்ந்துகொள்வான் என்று அந்தப் பாடம் சொல்லும்.

எளிதான பாடம். ஆனால் ரேவதியின் வாயில் வரவில்லை. மறுநாள் அதை எடுத்துவிட்டு 'கீழ்ப்படிதல்' வைத்தோம். அதுவும் காணாமல் போனது. 'மறத்தல் வளைகோடு' வைத்தோம். அதை வைத்ததே அவளுக்கு நினைவில்லை. எட்டாவது வீட்டிலிருந்து பதினொன்று வரை வைத்தவை அத்தனையும் பத்திரமாக இருந்தன.

எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. பாடத்தில் படித்தது கண்முன்னே நடக்கிறதே என்ற பெருமை. இப்போது பள்ளிப் பிள்ளைகளுக்கு மனநல ஆலோசகராக இருக்கிறேன். இன்று யாராவது அப்படிச் செய்தால் கையைப் பிடித்துத் தடுப்பேன். அன்று எனக்கு இருபது வயது.

"கதவைத் திற," என்றேன்.

மத்தியானம் இரண்டு மணி இருக்கும். ஷிப்ட் மாறும் சங்கு ஊதி ஓய்ந்திருந்தது. அம்மா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். தெருவில் ஓர் ஆள் இல்லை. எங்கள் ஊரில் காதைத் தீட்டினால் எந்நேரமும் அடியில் ஓர் உறுமல் கேட்கும், சுரங்க இயந்திரங்களின் சத்தம். பழகியவர்களுக்குக் கேட்காது. அன்று எனக்குக் கேட்டது.

"எட்டல," என்றாள் ரேவதி. "நாதாங்கி மேல இருக்குது."

"நீ இப்ப பெரியவ. எட்டும்."

"இல்ல எஸ்தர். நான் சின்னதா இருக்கேன்."

அவள் குரல் மாறவில்லை. ஆனால் கை மேலே உயர்ந்தது. குதிகால் தரையை விட்டு எழும்பியது. பிறகு மெதுவாகக் குந்தினாள். தலையைச் சாய்த்துக் கன்னத்தைத் தரையில் வைத்தாள். எங்கள் வீட்டு மொசைக் தரையில், மூடிய கண்ணோடு, எதற்கோ அடியில் பார்ப்பதுபோல்.

"வெரலு," என்றாள்.

"என்ன?"

"கதவுக்கு அடியில வெரலு தெரியுது. நாலு வெரலு. மோதர வெரல்ல தகர மோதரம். எங்க சித்தி வெரலு."

"ரேவதி, கண்ணைத் திற," என்றேன். திறக்கவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினேன். எழுந்து உட்கார்ந்தாள். கன்னத்தில் தரையின் குளிர்ச்சி பட்ட இடம் சிவந்திருந்தது.

"நான் தொறக்கல," என்றாள். "பாத்துட்டு, நான் பாட்டுக்கு வந்துட்டேன்."

காற்றில் ஒரு தெரு

ரேவதி சொன்ன சித்தி அஞ்சலை, அவள் அம்மாவின் தங்கை. ஊரைக் காலி செய்தபோது பத்தொன்பது இருபது வயது இருக்கும். வீட்டில் அஞ்சலையின் போட்டோ ஒன்றுகூட இல்லை. எங்கே என்று கேட்டால் அம்மா ஒரே பதில்தான் சொல்வாராம். "பெங்களூருக்குப் போயிட்டா. கட்டட வேலைக்கு. நல்லா இருக்கிறா." அதற்கு மேல் ரேவதி கேட்டதில்லை.

இப்போது அவளுக்கு அந்தப் பதில் போதவில்லை. ஏழாவது வீடு அவள் மாமா வீடு. அம்மாவின் அண்ணன் கலியபெருமாள். சித்தி அவரோடுதான் இருந்திருக்கிறாள். சாத்திய கதவுக்குப் பின்னால் ஒருத்தி இருந்தாள். பிறகு ஊரையே இடித்தார்கள். அவள் வெளியே வந்தாளா?

நான் சொன்னேன், நினைவு என்பது போட்டோ இல்லை, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டுவது, பாடத்திலேயே இருக்கிறது, நீ பார்த்த விரல் நீயே செய்துகொண்டதாக இருக்கலாம் என்று. அவள் தலையாட்டினாள். அன்றிலிருந்து சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். டீயில் நனைத்த ஒரு பன். அவ்வளவுதான்.

ஒரு நாள் மாலை என்னைத் தன் குடியிருப்பின் கடைக்கோடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சுரங்கத்திலிருந்து வெட்டிக் கொட்டிய மண் அங்கே மலை மலையாக நிற்கும். அதன் மேல் பாதி ஏறினால் தொலைவில் பள்ளம் தெரியும். அடியில் கறுப்பு. அதன் மேல் பொம்மை போல ஒரு ராட்சத இயந்திரம் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது.

"அதோ, அந்த எடத்துலதான் எங்க தெரு," என்று கை காட்டினாள்.

அவள் காட்டியது பள்ளத்தின் அடியை அல்ல. பள்ளத்துக்கு நடுவே, பழைய தரைமட்டத்தின் உயரத்தில், ஒன்றுமில்லாத வெளியை. அவள் கண்ணை மூடி தினமும் நடந்த தெரு அந்தக் காற்றில் இருந்தது. அங்கே வெறுமையில் பதினொரு வீடும் ஓர் ஆடும் ஒரு முருங்கை மரமும் தொங்கிக்கொண்டிருப்பதாக எனக்கு ஒரு கணம் தோன்றியது. அன்று முதல் நான் கண்ணை மூடினாலும் அந்தத் தெரு வந்தது. நான் பார்த்தே இராத தெரு. ஆறு வீடு தாண்டியதும் நானும் நின்றேன்.

ஒரே வாய்

விசாரிக்கலாம் என்றது நான்தான். 'முதியோரின் நினைவாற்றல், மாணவர் ஆய்வு' என்று ஒரு நோட்டின் அட்டையில் எழுதிக்கொண்டேன். பழைய ஊர்க்காரர்கள் ஏழெட்டுக் குடும்பம் அதே குடியிருப்பில் இருந்தார்கள். ஆண்கள் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்துப் போனோம்.

முதலில் முனியம்மா. ஊர், ஆடு, கிணறு என்று கேட்டுவிட்டு, "அஞ்சலைன்னு ஒருத்தங்க இருந்தாங்களே?" என்றேன்.

முனியம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை. "அஞ்சலையா? பெங்களூருக்குப் போயிட்டா. கட்டட வேலைக்கு. நல்லா இருக்கிறா."

அடுத்தது தையல் மெஷின் வைத்திருந்த ஒரு அம்மாள். "பெங்களூருக்குப் போயிட்டா. கட்டட வேலைக்கு. நல்லா இருக்கிறா."

மூன்றாவது, காது மந்தமான ஒரு கிழவி. பேரை இரண்டு முறை கத்த வேண்டியிருந்தது. புரிந்ததும் வாயைத் திறந்தார். அதே மூன்று வாக்கியம். அதே வரிசை. 'நல்லா' என்ற இடத்தில் அதே இழுப்பு.

ஐந்து பேரிடம் கேட்டோம். ஐந்து பேரும் ஒரே ஒலிநாடாவைப் போட்டதுபோல் சொன்னார்கள். ஒருவர்கூட "பாவம்" என்று சொல்லவில்லை. ஒருவர்கூட "அது எதுக்கு இப்ப?" என்று கேட்கவில்லை. நாங்கள் மனப்பாடம் செய்துகொண்டிருந்த பாடத்தில் இருந்ததுபோல, அறையில் எல்லோரும் ஒரே பொய்யைச் சொல்கிறார்கள்.

"கொன்னுட்டாங்கடி," என்றாள் ரேவதி. சத்தமில்லாமல்தான் சொன்னாள். "எல்லாருக்கும் தெரிஞ்சிருக்குது. நானும் நின்னு பாத்திருக்கேன்."

நாங்கள் திரும்பும்போது தெருக்குழாயடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்திருந்தது. சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டிருந்தார். காலடிச் சத்தம் கேட்டுத் தலையைத் திருப்பினார்.

"யாரு, ரேவதியா?"

"ஆமா மாமா."

"யாரோ படிக்கிற பொண்ணு கூட சேந்துக்கினு வூடு வூடா கேட்டியாமே?"

அவர் மிக மெதுவாக, ஏதோ பிரியமான ஒன்றைக் கேட்பதுபோல் கேட்டார்:

"பெங்களூர்ல எங்கன்னு யாராவது சொன்னாங்களா?"

சித்தியை வைத்துப் பூட்டியது இவர்தான் என்று அவள் என்னிடம் சொல்லத் தேவையிருக்கவில்லை. அவள் விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கியதில் தெரிந்தது. ஆனால் ஒன்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. கொன்றவர் எதற்காக விலாசம் கேட்க வேண்டும்?

பச்சையம்மா வந்தார்

மறுநாள் பச்சையம்மா வேலைச் சேலையோடு, கையில் மண்வெட்டியோடு எங்கள் வீட்டு வாசலில் நின்றார். அவர் எங்கள் வீட்டுக்கு வருவது அதுதான் முதல் தடவை. அம்மா காபி போட உள்ளே போனதும் என்னிடம் குனிந்தார்.

"எம்மா எஸ்தரு, நீ படிக்கிற படிப்புல, வூடு வூடாப் போயி ஊரான் ரகசியத்தக் கேக்கச் சொல்லித் தர்றாங்களா?"

நான் தலை குனிந்தேன்.

"எம்பொண்ணு நாலு நாளா சோறு துண்ணல. ராத்திரி எழுந்து குந்திக்கினு அழுவுது. நீ கொன்னியாம்மான்னு என்னையே கேக்குது." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஞாயித்துக்கெழம காலையில ஏழு மணி பஸ்ஸு. வடலூருல மாறணும். பஸ்ஸுல மூணு பேரும் தனித்தனியாக் குந்தணும். யாராவது தெரிஞ்சவங்க கேட்டா, பண்ருட்டிக்குப் பலாப்பழம் வாங்கப் போறோம். அவ்ளோதான். அதுக்கு மேல வாயத் தொறக்கக் கூடாது."

"எங்க போறோம்மா?"

அவர் மண்வெட்டியை எடுத்துத் தோளில் வைத்தார். காபியைக் குடிக்காமலே போய்விட்டார்.

திருவதிகையில்

சொன்னபடியே தனித்தனியாக உட்கார்ந்தோம். பச்சையம்மா முன் இருக்கையில், ரேவதி நடுவில், நான் கடைசியில். பேருந்தில் ஏறிய ஒவ்வொரு ஆளையும் பச்சையம்மா திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். எங்கோ ஒரு கல்லறைக்குக் கூட்டிப் போகிறார் என்றே நினைத்தேன்.

பண்ருட்டியில் இறங்கி, பலாப்பழக் குவியல்களைத் தாண்டி, ஷேர் ஆட்டோவில் திருவதிகை. கோயில் தாண்டி ஒரு சந்து. வீட்டு வாசல்களில் முந்திரிக் கொட்டையின் ஓடுகள் சாக்குச் சாக்காகக் கிடந்தன. வறுத்த வாசனை தொண்டையில் காறியது.

பச்சையம்மா ஒரு வீட்டின் முன் நின்று, "வசந்தா!" என்று கூப்பிட்டார்.

வெளியே வந்த பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். நைட்டிக்கு மேல் துண்டு. முந்திரி உடைத்துக்கொண்டிருந்தவள் பாதியில் எழுந்து வந்திருந்தாள். கொட்டையின் எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்து, தோல் உரிந்திருந்தது. பச்சையம்மாவைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியவள், பின்னால் நின்ற ரேவதியைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள்.

ரேவதி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உள்ள வாங்க," என்றாள் அந்தப் பெண். கதவைச் சாத்திவிட்டு, பச்சையம்மாவிடம் திரும்பினாள். "ஏங்கா இட்டாந்த?"

"நீ செத்துட்டன்னு நெனச்சிக்கினு இருக்குதுடி. நானே கொன்னுட்டேன்னு நெனச்சிக்கினு இருக்குது."

அஞ்சலை சித்தி தரையில் உட்கார்ந்தாள். ரேவதியின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். பிறகு ரேவதிதான் கேட்டாள்.

"சித்தி, நான் கதவத் தொறந்தேனா?"

"இல்ல."

ரேவதியின் தோள் சரிந்தது.

"ஒனக்கு எப்படிடி எட்டும்? இத்தினியூண்டு இருந்த. தொறந்தது ஒங்கம்மா."

கதை அங்கே, முந்திரி ஓடுகளுக்கு நடுவில், இரண்டு பேர் மாற்றி மாற்றிச் சொல்லித்தான் எனக்கு முழுதாகக் கிடைத்தது. கலியபெருமாளுக்கு ஒரு மேஸ்திரி காண்ட்ராக்ட் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தான். பதிலுக்கு அஞ்சலையை அவனுக்கு இரண்டாந்தாரமாகத் தர வேண்டும். அவள் மாட்டேன் என்றாள். அண்ணன் அவளை வீட்டுக்குள் போட்டு வெளியே நாதாங்கி போட்டார். ஊரைக் காலி செய்ய லாரி வரும் வரை மூன்று நாள். சாமானோடு சாமானாக ஏற்றி நேரே மேஸ்திரி வீட்டில் இறக்குவதாக ஏற்பாடு.

"சோறு போடக் கூடாதுன்னாரு," என்றாள் சித்தி. "பசியில ஒத்துக்குவேன்னு. அந்த மூணு நாளும் எனக்குச் சோறு போட்டது நீதான்டி."

"நானா?"

"ஒங்கம்மா கேவுரு அடை சுட்டு ஒன் கையில குடுத்தனுப்பும். தட்டையா இருக்குமில்ல, கதவுக்கு அடியில தள்ளுவ. சின்னப் புள்ளைன்னு அண்ணன் கண்டுக்கல. நான் வெரல நீட்டிக்கினு கெடப்பேன். எப்ப அடை வரும், எப்ப ஒன் சின்னக் கை படும்னு."

ரேவதி கண்ணை மூடினாள். நான் பயந்து அவளைப் பார்த்தேன். அவள் தேடிக்கொண்டிருந்தாள் என்று தெரிந்தது. திரும்பவும் அந்தத் தெருவில், அந்தக் கதவின் முன். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தாள்.

"அடை இல்ல," என்றாள். "எனக்கு அடை வரல சித்தி. வெரலு மட்டும்தான் வருது."

"வராட்டி போவுது," என்றாள் சித்தி. "நான் துண்ணேனே, எனக்குத் தெரியும்."

லாரி வர வேண்டிய நாள் விடியற்காலையில், அண்ணன் அதைக் கூட்டிவரப் போயிருந்த நேரம் பார்த்து, பச்சையம்மா நாதாங்கியை எடுத்து, தங்கையை வெளியே விட்டு, மறுபடியும் நாதாங்கி போட்டார். அவளே கூரை வழியாகத் தப்பியதுபோல் இருக்கட்டும் என்று பின்பக்கம் கூரைக் கீற்றைப் பிய்த்து வைத்தார். பண்ருட்டியில் முந்திரி உடைக்கும் ஒரு பெண்ணிடம் முன்பே சொல்லி வைத்திருந்தார். ரேவதியைத் தெருமுனையில் நிறுத்தி, யாராவது வந்தால் கத்தச் சொன்னார். யாரும் வரவில்லை.

"சாய்ங்காலம் அண்ணன் ஒன்னப் புடிச்சிக் கேப்பாருன்னு எனக்குத் தெரியும்," என்றார் பச்சையம்மா, மகளைப் பார்க்காமல். "அதுக்கு முன்னாடியே ஒனக்குச் சொல்லிக் குடுத்தேன். கதவு மூடியேதான் இருந்துச்சின்னு சொல்லுன்னு. நீ தப்பாச் சொன்னா ஒரு அடி. சரியாச் சொன்னா ஒரு முட்டாயி. ஒரு நாளு பூரா. அண்ணன் மெரட்டுனாரு, ஒன்னத் தலைகீழாத் தூக்குனாரு. கதவு மூடியேதான் இருந்துச்சி மாமான்னு நீ அதையே சொன்ன. ராத்திரி தூக்கத்துலயும் அதையே சொன்ன. அதுக்கப்பறம் எனக்கே அந்த வூட்டு பேர எடுக்க பயம்."

எங்கள் நோட்டில் இப்படி ஒன்று இருந்தது: வெளியிலிருந்து ஒருவர் மனதில் ஒரு நினைவை நட முடியும். நான் அதற்கு அடியில் இரண்டு கோடு போட்டிருந்தேன். ஒரு தாய் அதை அடியாலும் மிட்டாயாலும் செய்திருக்கிறாள் என்றோ, செய்துவிட்டு இத்தனை வருடம் மகள் முகத்தைப் பார்க்கக் கூசியிருக்கிறாள் என்றோ எங்கும் எழுதியிருக்கவில்லை.

"அந்த அஞ்சு பேரும்?" என்று நான் கேட்டேன்.

"எத்தினி பேரு இருந்தோமோ அத்தினி பொம்பளைங்களுக்கும் தெரியும்," என்றார் பச்சையம்மா. "லாரியில ஏறும்போதே பேசி வச்சிக்கினோம். இன்னா சொல்லணும், எத்தினி வார்த்த சொல்லணும். கூடச் சொன்னா மாட்டிக்குவோம். ஆம்பளைங்க ஒருத்தனுக்கும் தெரியாது. எங்கண்ணன் பெங்களூரு போயி ரெண்டு தடவ தேடிட்டு வந்தாரு. இன்னும் தேடறாரு. எதுக்குன்னு எனக்குத் தெரியல. மன்னிப்பு கேக்கவான்னும் தெரியல, வேற எதுக்காவதான்னும் தெரியல. தெரியாத வரைக்கும் சொல்ல முடியாதில்ல."

பிள்ளைகள் பள்ளியிலிருந்து வரும் நேரமாகிவிட்டதைப்போல் சித்தி வாசலைப் பார்த்தாள். அன்று ஞாயிற்றுக்கிழமை. அவளுடைய இரண்டு பையன்களும் கிரிக்கெட் விளையாடப் போயிருந்தார்கள். அவர்களுக்கு அம்மாவின் பெயர் வசந்தா. முந்திரி மண்டியில் லோடு தூக்கும் புருஷனுக்கு மட்டும் உண்மை தெரியும். பையன்கள் திரும்புவதற்குள் நாங்கள் கிளம்ப வேண்டியிருந்தது.

அதற்குப் பின்

வரும்போது ஒரு பலாப்பழம் வாங்கினோம். சொன்ன பொய்க்கு அது வேண்டியிருந்தது. ரேவதி அதை மடியில் வைத்துக்கொண்டு, இந்த முறை அம்மாவின் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். பச்சையம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை.

குடியிருப்புக்குள் நுழையும்போது குழாயடி நாற்காலியில் மாமா இருந்தார். "ஏதாவது தெரிஞ்சுதாம்மா?" என்றார். ரேவதி நின்றாள்.

"பெங்களூருக்குப் போயிட்டாங்க மாமா," என்றாள் ரேவதி. "கட்டட வேலைக்கு. நல்லா இருக்கறாங்களாம்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். எதிர்வீட்டு வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்த முனியம்மா நிமிர்ந்து ரேவதியை ஒரு முறை பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். அரிசி புடைக்கும் சத்தம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

பரீட்சை எழுதினோம். 'ஒத்துப்போதல்' பத்து மதிப்பெண் கேள்வியாக வந்தது. நான் எழுதினேன். உண்மை தெரிந்தும் கூட்டத்தோடு சேர்வது பலவீனம் என்ற வரியை எழுதியபோது பேனா தயங்கியது. மதிப்பெண்ணுக்காக எழுதிவிட்டேன். ரேவதி அந்தக் கேள்வியை விட்டுவிட்டு வேறொன்றை எடுத்தாள். இருவரும் தேறினோம்.

கலியபெருமாள் மூன்று நான்கு வருடம் கழித்து இறந்தார். எதற்காகத் தேடினார் என்பது கடைசிவரை தெரியவில்லை. காரியம் முடிந்ததும் பச்சையம்மா தங்கைக்குப் போன் செய்து, "இனிமே நீ ஊருக்கு வரலாம்டி," என்றார். அதற்குச் சித்தி, "எந்த ஊருக்குக்கா?" என்று கேட்டாளாம்.

ரேவதி இப்போது சேலத்தில் இருக்கிறாள். எத்தனை முறை கேட்டும், அந்தக் கதவு திறந்திருப்பதாக அவளுக்கு ஒரு சித்திரம் வந்ததே இல்லை. எல்லாம் தெரியும், எதுவும் நினைவில் இல்லை என்பாள்.

இந்த அத்தியாயத்தை எழுதுவதற்கு முன் திருவதிகைக்குப் போன் போட்டேன். கதையை எழுதலாமா என்று கேட்டேன். பெயரையும் ஊரையும் மாற்றிவிடுகிறேன், யாருக்கும் தெரியாது என்றேன்.

சித்தி யோசித்தாள். பின்னால் முந்திரி உடைக்கும் சத்தம் கேட்டது.

"ஊர மாத்திக்கோ, இன்னா வேணா மாத்திக்கோ," என்றாள். "பேர மட்டும் மாத்தாத. அஞ்சலைன்னே போடு. எம்புள்ளைங்க படிக்கட்டும்."